தொட்டியில் ஒரு தப்பும் நடக்கவில்லை

அந்த ஆலையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாதவர்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடிக்கணக்கில் குடியிருப்பார்கள். சம்பளம் கேட்க மாட்டார்கள், லீவு போட மாட்டார்கள், சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் வைட்டமின் செய்து தருவார்கள். இந்த பாக்டீரியாக்களோடு பழகிப் பழகி, முதலாளிக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஊழியர்கள் எல்லோருமே கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிய ஆரம்பித்தார்கள். அவர்களிலும் ரொம்ப அதிகப்படியாகத் தெரிந்தவன் அவர் மனைவியின் தம்பி.

அவனுக்கு ஆலையில் ‘ஏறக்குறைய’ என்று பெயர். தொட்டியில் சூடு எப்படி என்று கேட்டால், “ஏறக்குறைய சரியா இருக்கு” என்பான். கதவைப் பூட்டினாயா என்றால், “ஏறக்குறைய பூட்டிட்டேன்” என்பான். போய்ப் பார்த்தால் கதவும் ஏறக்குறையத்தான் பூட்டியிருக்கும். ஒருமுறை தொட்டியின் கழிவுக் குழாயைச் சாக்கடையில் சேர்க்கச் சொன்னார்கள். அவன் தோட்டத்துக் குழாயில் சேர்த்துவிட்டான். வைட்டமின் குடித்த கொடியொன்று சுவர் பிடித்து மாடியேறிக் கணக்காளரின் ஜன்னலைத் தட்டியது. யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்த கணக்காளர், தலையை நிமிர்த்தாமல் “உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டார். அது வந்துவிட்டது. வெட்டிவிட அவருக்கு மனசில்லை. அந்த அறைக்கு நேரத்துக்கு வந்த ஒரே ஜீவன் அதுதான் என்றார்.

‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்பார்கள். முதலாளி எந்த மலையும் ஏறுகிறவர் அல்ல. இருந்தாலும் மச்சானை ஏழெட்டு இடத்தில் வேலையை விட்டு அனுப்பிய பிறகு, “இவன இனி எங்க அனுப்புறது, நீங்களே வச்சுக்கங்க” என்று மனைவி சொன்னபோது அவரால் மறுக்க முடியவில்லை. அவர் வீட்டு மாடியறையில் குடியிருப்பு, ஆலையில் எடுபிடி வேலை. வீட்டில் ‘மாமா’ என்று கூப்பிடலாம், ஆலைக்குள் ‘சார்’. இந்த விதியையும் அவன் ஏறக்குறையக் கடைப்பிடித்து வந்தான்.

ஆலைக்கு ஒரு வியாதி இருந்தது. புதிதாகத் தொட்டி நிரப்பினால் கொஞ்ச காலம் வைட்டமின் கொட்டும். பிறகு குறையும். கடைசியில் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று கொழுத்துக்கொண்டு, வைட்டமினை மட்டும் மறந்துவிடும். தொட்டியைக் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது ஏன் என்று கேட்க முதலாளி டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பாக்டீரியாவைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஏறக்குறைய அங்கே காபி கொண்டுவந்து நின்றான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இல்லை என்பது மறந்துபோனதால் கிளம்ப முடியாமல் நின்றான் என்பதே சரி.

“சார், ஒரு பாக்டீரியா ரெண்டாகும்போது தன் டி.என்.ஏ.வ நகல் எடுக்கும்,” என்றார் டாக்டரம்மா. “அதுக்குன்னு பாலிமரேஸ்னு நொதிகள் இருக்கு. எழுத்தருங்கன்னு வச்சுக்கங்க. தலைமை எழுத்தர் ஒருத்தர், சுத்தமான ஈயடிச்சான் காப்பி. மூலத்துல ஈ செத்துக் கிடந்தா, இவரும் ஒரு ஈயை அடிச்சு அதே இடத்துல ஒட்டுவார். தப்பா எழுதினாலும் ஒரு எட்டுப் பின்னால வந்து தானே அழிச்சுத் திருத்துவார்.”

“நல்ல மனுஷன்,” என்றார் முதலாளி.

“ஆனா டி.என்.ஏ.வுல எங்கேயாவது அடிபட்டு எழுத்து சிதைஞ்சிருந்தா, அங்க வந்ததும் நின்னுடுவார். தெரியாததை எழுத மாட்டார். அப்ப சில அரைகுறை எழுத்தருங்க ஓடி வருவாங்க. அவங்களும் பாலிமரேஸ்தான். சிதைஞ்ச இடத்துல வாய்க்கு வந்ததை எழுதிட்டு அந்தப் பள்ளத்தத் தாண்டி விட்டுடுவாங்க. திருத்துற பழக்கம் கிடையாது.”

“அவசரத்துக்குத்தானே வர்றானுங்க?”

“அதான் இல்ல. எந்த ஆபத்தும் இல்லாத நாள்லயும் ஒண்ணு ரெண்டு பேர் சும்மா சுத்திக்கிட்டிருப்பாங்க. நடுவுல புகுந்து ஒரு வரி எழுதிட்டுப் போவாங்க. பட்டினி, நெருக்கடின்னா இன்னும் அதிகமா வருவாங்க. தானா நடக்கிற பிறழ்வுல ஒரு பங்கு இவங்க கைவரிசை. அப்படி எங்கேயோ ஒரு தப்பு, வைட்டமின் செய்ற இடத்துல விழுது. செய்யாதவனுக்குச் செலவு மிச்சம், சீக்கிரம் பெருகுறான். கொஞ்ச நாள்ல தொட்டி முழுக்க சோம்பேறி.”

முதலாளி கோப்பையை வைத்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். ஏறக்குறையவோ பரவசமாக நின்றான். உலகத்தில் தனக்கு இத்தனை கோடி உறவினர் இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

“அந்த அரைகுறைங்களத் தூக்குங்க,” என்றார் முதலாளி. “ஒருத்தன் விடாம.”

“தூக்கலாம். தப்பு குறையும் சார், அடியோட நிக்காது. தலைமை எழுத்தரும் எப்பவாவது சறுக்குவார். இன்னொண்ணு—”

“அடியோட நிக்கும்னு சொல்றீங்க. நல்லது,” என்றார் முதலாளி. வாக்கியத்தின் நடுவில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிடுவது அவர் வழக்கம்.

டாக்டரம்மா மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த அரைகுறைப் பாலிமரேஸ்களைச் செய்கிற மரபணுக்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். புதிய பாக்டீரியா வந்தது. முதலாளி அதற்குப் ‘பரிசுத்தம்’ என்று பெயர் வைத்தார். பரிசுத்தமும் பெயரைக் காப்பாற்றியது. வழக்கமாகச் சோம்பல் தொடங்குகிற காலம் தாண்டியும் வைட்டமின் அளவு சொட்டுக் குறையவில்லை. முதலாளியின் நடையே மாறிப்போனது. யாராவது தும்மினால்கூட ஏன் என்று கேட்டார்.

பிறகு அவர் இரண்டு ஆணைகள் போட்டார். முதலாவது, பழைய பாக்டீரியாவை அடியோடு அழிக்க வேண்டும். இரண்டாவது, பரிசுத்தத்தில் மாற்று என்று ஒரு குழாய்கூடத் தனியாக எடுத்து வைக்கக் கூடாது, எல்லாம் தொட்டிக்குள் போக வேண்டும்.

“ஒரு குழாயாவது உறைபெட்டியில இருக்கட்டும் சார்,” என்றார் டாக்டரம்மா.

“மாற்று எதுக்கு? தப்பு நடந்தா எடுத்துக்க. தப்பு நடக்காத எடத்துல மாற்று வச்சா, நடக்கும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமே.”

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை.

பழையதை அழிக்கிற வேலை ஏறக்குறையவின் கைக்கு வந்தது. ஒரு தாங்கியில் அடுக்கிய கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் பழைய பாக்டீரியா. நீராவிப் பாத்திரத்தில் வைத்து மூடி, பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது. அவன் வைத்தான், மூடினான். மூடி ஏறக்குறைய மூடியிருந்தது. சரியாக மூடாவிட்டால் அந்தப் பாத்திரம் வேலை செய்யாது, கூவும். அது கூவியதை, வேலை முடிந்த சத்தம் என்று எடுத்துக்கொண்டான். தாங்கியை வெளியே எடுத்தபோது குழாய்கள் ஜில்லென்று இருந்தன. மிஷின் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது, சூடே தெரியவில்லை என்று மெச்சிக்கொண்டே தாங்கியைக் குளிர்அறையின் மூலையில் வைத்தான். வைத்த இடம் வசதியாக இருந்ததால் தன் குடையையும் அதில் மாட்டினான்.

அவனுக்கு உறைத்தது அந்த வார இறுதியில், சாப்பாட்டு மேஜையில்.

முதலாளி குளிக்கப் போயிருந்தார். அக்கா தட்டில் பரிமாறிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாருடா. புதுத் தொட்டித் திறப்பு விழா அன்னிக்கு உங்க மாமா மேடையில ஒரு அறிவிப்பு செய்யப் போறார். பாக்டீரியாவுல தூக்கின மாதிரியே ஆலையிலயும் தப்பு பண்றவங்களை எல்லாம் தூக்கப் போறாராம். மொதப் பேர் யாருன்னு நான் சொல்லணுமா?”

“நீ சொல்லலியா அக்கா?”

“சொன்னேன். சோறு தண்ணி வைக்காம சொன்னேன். கடைசியில இறங்கி வந்தார். விழா முடியுற வரைக்கும் உன் பேர்ல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு வரலேன்னா உன்னை நிரந்தரமாக்கிடுவார். வந்துச்சுன்னா வேலையும் இல்ல, மாடியறையும் இல்ல. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இதுக்கு மேல உன்ன அனுப்ப ஊர்ல வேலை பாக்கி இல்லடா.”

“பழைய தப்பும் கணக்கா?”

“என்னடா பழைய தப்பு?”

“சும்மா கேட்டேன்,” என்றான். அந்தக் குளிர்ந்த குழாய்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. திரும்பப் போய் அழிக்கலாம். ஆனால் எடுத்துப் போவதை யாராவது பார்த்தால், முதலில் அழிக்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். யோசித்துப் பார்த்து, எதையும் தொடாமல் இருப்பதுதான் தப்பில்லாத வழி என்ற முடிவுக்கு வந்தான். குடையைக்கூட எடுக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே வந்தான்.

அன்றிலிருந்து அவன் ஆளே வேறு. சொன்னதைச் சொன்னபடி செய்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளு” என்றால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளினான். ஆலை அவனைப் பயத்தோடு பார்த்தது. காவல்காரர், “தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று இரண்டு தடவை விசாரித்தார். உலகத்தில் ஈயடிச்சான் காப்பிகளின் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

விழா நாள் காலை. கூடத்தின் நடுவில் முதலாளியின் கனவு எழுந்து நின்றது. தொட்டியிலிருந்து பரிசுத்தம் மேலேறி, விரல் தடிமனில் சுருள்சுருளான படிகக் குழாய்கள் வழியாக இறங்கி, மறுபடி தொட்டிக்கே போகும் ஒரு நீரூற்று. எந்த வெளிச்சமும் தங்குதடையில்லாமல் ஊடுருவும் படிகம் என்று விற்றவன் சொல்லியிருந்தான். ஆனால் உள்ளே ஓடியது பழைய கஞ்சித்தண்ணி நிறத்தில் இருந்தது. பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு அது போதாது என்று முதலாளிக்குப் பட்டது.

“டேய், மருந்து கலக்குற அறையில மேல ஒரு ஊதா விளக்கு எரியுமே, அழகா. அதைக் கழட்டிக் கொண்டாந்து இங்க மாட்டு. வரிசையா எல்லாத்தையும்.”

முன்னைய ஏறக்குறையவாக இருந்தால், பாதி வழியில் மறந்து, கழிவறை விளக்கைக் கொண்டுவந்து மாட்டியிருப்பான். ஆலை பிழைத்திருக்கும். இப்போதோ அவன் அதே விளக்குகளை, அதே வரிசையில், மேலே தொங்கிய அட்டையையும் கழற்றாமல் கொண்டுவந்து மாட்டினான். அட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதில் பெரிய எழுத்தில் இருந்தது: ‘இது கிருமிகளைக் கொல்லும் விளக்கு. எரியும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது.’

முதலாளி அதை நின்று படித்தார்.

“அது கெட்ட கிருமிக்குடா,” என்றார். “நம்மது நல்ல கிருமி. எரிய விடு.”

டாக்டரம்மா அங்கே இல்லை. தலைமை விருந்தினரை வரவேற்கப் பூங்கொத்தோடு வாசலில் நிறுத்தப்பட்டிருந்தார். வருகிறவர் பெரிய மனிதர் என்பதால் தாமதமாக வந்தார், மிகப் பெரிய மனிதர் என்பதால் மிகத் தாமதமாக வந்தார். அதுவரை பரிசுத்தம் ஊதா வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. கூடம் தேவலோகம் மாதிரி இருந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளே வந்த டாக்டரம்மா மேலே பார்த்தார். விருந்தினரை விட்டுவிட்டு முதலாளியிடம் ஓடினார்.

“சார், அதை அணைக்கச் சொல்லுங்க.”

“பேச்சு முடியட்டும்மா.”

பேச்சு சுலபத்தில் முடிகிற ஜாதி அல்ல. பிழையின்மையைப் பற்றித் தலைமை விருந்தினர் பேசினார், பிறகு முதலாளி பேசினார், பிறகு தலைமை விருந்தினர் தான் சொல்ல மறந்ததைப் பேசினார். ஆட்களைத் தூக்கும் அறிவிப்பை முதலாளி மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். கண் எரிச்சலில் அவரால் பேர்களைப் படிக்க முடியவில்லை. மேடையிலிருந்த அத்தனை பேருக்கும் கண் சிவந்து நீர் வழிந்தது. பத்திரிகைக்காரர்கள் அதை உணர்ச்சிவசப்பட்டதாகப் படம் பிடித்தார்கள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் முதலாளி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குத் தோல் உரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா ஈரத்துணியை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். ஏறக்குறைய வாசலருகே, வைத்த இடத்தில் வைத்த பொருளாக நின்றான்.

“எல்லாம் நூல் நூலா நீண்டு கிடக்கு,” என்றார் டாக்டரம்மா. “நீளுது, ஆனா ரெண்டாகல. அந்த வெளிச்சம் டி.என்.ஏ.வுல வழிநெடுகப் பள்ளம் பறிச்சிடுச்சு. தலைமை எழுத்தர் பள்ளத்துக்கிட்ட வந்து பேனாவ மூடிட்டு உட்கார்ந்துட்டார். தாண்டி விட ஆள் இல்ல. அந்த ஆளுங்களத்தான் நாம தூக்கிட்டோம்.”

“அது ஏதாவது தப்பு பண்ணுச்சா?”

“இல்ல சார். தொட்டியில ஒரு தப்பும் நடக்கல. அப்படியே செத்துப் போச்சு.”

முதலாளி இதில் ஆறுதல் தேடினார், கிடைக்கவில்லை. “பழசா இருந்தா?”

“அதுலயும் பெரும்பாலும் செத்திருக்கும். மீதி ஆயிரம் தப்போட நொண்டிக்கிட்டாவது நடந்திருக்கும். இப்பக்கூடப் பழசுல ஒரு சொட்டு இருந்தா போதும், ஆலையைத் திரும்ப ஓட்டிடலாம்.”

“அதான் அழிச்சாச்சே,” என்று முதலாளி துணியை விலக்கி மச்சானைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. “இவன் அழிச்சான். சுத்தமா செஞ்சான். நேத்தும் சொன்னதைச் சொன்னபடி செஞ்சான். வாக்கு வாக்குதான், இன்னியிலேருந்து இவன் நிரந்தரம். இந்தப் பரிசுத்தத்தைச் செஞ்சது நீங்க. நீங்க கிளம்பலாம்.”

டாக்டரம்மா வெள்ளை அங்கியின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். பைக்குள்ளிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

அக்காவின் முகம் மலர்ந்து, உடனே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தது. ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றான். நிரந்தர வேலை. அதுவும் ஓடாத ஆலையில். அங்கே தப்பு செய்யவே வழி இல்லை. தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த உத்தியோகம். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் பாக்கி. அவன் டாக்டரம்மாவின் கடைசிப் பொத்தானைப் பார்த்தான். அந்த அரைகுறை எழுத்தர்களை, அவனுடைய உறவுக்காரர்களைப் பற்றி அவனெதிரே மரியாதையாகப் பேசிய ஒரே மனுஷி.

அவன் வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் தாங்கி, தாங்கியில் குழாய்கள், ஓரத்தில் குடை.

“என்னடா இது?”

“பழசு.”

“அழிச்சேன்னியே?”

“ஏறக்குறைய அழிச்சேன், மாமா.”

ஆலைக்குள் ‘மாமா’ என்றது அன்றைய இரண்டாவது தப்பு. அதை யாரும் கவனிக்கவில்லை. டாக்டரம்மா ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினார். பிறகு அங்கியின் பொத்தானை, கீழேயிருந்து, ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

முதலாளி வாயைத் திறந்தார். குழாயை வாங்கிக்கொண்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகும். தப்பை ஒத்துக்கொண்டால் விதி போச்சு. விதியைக் காப்பாற்றினால் மச்சான் போக வேண்டும், மச்சானோடு குழாயும் போக வேண்டும், குழாயோடு ஆலையும் போக வேண்டும். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. உரிந்த மூக்குத் தோல் மட்டும் மூச்சுக்கு ஆடியது. பள்ளத்தின் விளிம்பில் பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்த எழுத்தர் எப்படி இருப்பார் என்று நுண்ணோக்கி இல்லாமலே பார்க்க முடிந்தது.

அக்கா ஈரத்துணியைப் பிழிந்து உதறினாள்.

“என்னங்க, இப்படியே நின்னா பொழுது போயிடும். எதையாவது சொல்லிட்டுத் தாண்டுங்க.”

முதலாளி மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார்.

“குடையை வெளிய வைடா,” என்றார்.

ஆலை பிழைத்தது. பழைய பாக்டீரியா பழைய மிடுக்கோடு தொட்டியில் பெருகி வைட்டமின் கொட்டியது. முதலாளியும் தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தப்புக்கும் ஒரு முறை வேண்டும், இனி தேவைப்படும்போது மட்டும், உரிய நேரத்தில் தப்பு நடக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு ஒரு பதவியை உண்டாக்கி மச்சானை அதில் உட்கார வைத்தார்.

“தேவைப்படும்போது மட்டும்னு அந்தப் பாலிமரேஸுக்கே இன்னும் சொல்லிப் புரியவைக்க முடியல சார்,” என்றார் டாக்டரம்மா. “சும்மா இருக்கிற நாள்லதான் முதல்ல கை வைக்கும்.”

“இவன் மனுஷன்மா. சொன்னா கேட்பான்.”

பதவிக்குப் பெயர்ப்பலகை செய்து வந்தது. ‘பிழை அதிகாரி’ என்று பித்தளையில் பளபளவென்று எழுதியிருந்தது. அதைத் தன் அறைக்கதவில் தானே மாட்டிக்கொள்ளும்படி ஏறக்குறையவிடம் கொடுத்தார்கள். அவன் ஆணியும் சுத்தியுமாகப் போய் மாட்டிவிட்டு வந்தான்.

முதலாளியின் அறைக்கதவில் அது இன்னும் இருக்கிறது. தேடி வருகிறவர்கள் படித்துவிட்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். இதுவரை ஒருவர்கூட வழி தவறியதில்லை.